மொட்டை மாடியில் ஹெலிகாப்டர் இறங்கும் என்று நம்பி வீடு வாங்கலாமா?

லாஸ் ஏஞ்சல்ஸில் வசிக்கும் ஒரு வாசகி எழுதிய நீண்ட கடிதம் இது. பெயர், முகவரி, கட்டடங்களின் அடையாளம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 39. கணவர், ஏழு வயது மகள். பத்து வருடம் வாடகை வீட்டில் இருந்தாயிற்று, இப்போது சொந்தமாக ஒரு அடுக்குமாடி வீடு வாங்கலாம் என்று இரண்டு இடங்களைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். முதலாவது 1960களில் கட்டிய 22 மாடிக் கட்டடம், வீடு 19ஆம் மாடியில். மொட்டை மாடி தட்டையாக இருக்கிறது, நடுவில் பெரிய வட்டம் போட்டிருக்கிறது, "ஆபத்து என்றால் ஹெலிகாப்டர் இங்கே இறங்கும்" என்று தரகர் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். இரண்டாவது, ஐந்தாறு வருடங்களுக்கு முன் கட்டிய கோபுரம், வீடு 31ஆம் மாடியில். அதன் உச்சி சாய்வாக இருக்கிறது, ஹெலிகாப்டர் இறங்க இடமே கிடையாது.

சென்னையிலிருந்து அவருடைய அப்பாவும் அம்மாவும் வருடத்தில் ஆறு மாதம் வந்து தங்குவார்கள். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. அப்பா 1975இல் அண்ணா சாலை எல்ஐசி கட்டடம் எரிந்ததைத் தெருவில் நின்று பார்த்தவர். அந்தப் பயம் இன்றுவரை போகவில்லை, "ஹெலிகாப்டர் இறங்க முடியாத கட்டடத்துக்கு நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டாராம். கணவருக்குப் புதிய கட்டடம்தான் பிடித்திருக்கிறது. நடுவில் ஒரு நண்பர் வேறு, "இந்த ஊரில் உயரமான கட்டடம் எல்லாவற்றுக்கும் ஹெலிபேட் கட்டாயம், அது இல்லாமல் கட்டியிருக்கிறார்கள் என்றால் விதியை ஏமாற்றியிருக்கிறார்கள்" என்று கிளப்பிவிட்டிருக்கிறார். போதாததற்குப் பழைய கட்டடத்தின் அசோசியேஷன் மொட்டை மாடியில் தோட்டமும் உட்காரும் இடமும் போடப்போவதாகப் பேச்சு.

அவர் கேட்பது நான்கு: எந்த வீடு பாதுகாப்பு? ஹெலிபேட் இல்லாத கட்டடம் சட்டப்படி செல்லுமா? அசோசியேஷன் தன் இஷ்டத்துக்கு மொட்டை மாடியை அடைக்கலாமா? தீப்பிடித்தால் அம்மாவை மேலே கூட்டிப்போவதா, கீழேயா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த வரி ஒன்று உண்டு, அது ஹெலிகாப்டரைப் பற்றியது இல்லை. பழைய வீட்டைப் பற்றிச் சொல்லும்போது, "உட்கூரை வெறுமையாக, அழகாக இருக்கிறது, புதிய கட்டடத்தில் போலத் தண்ணீர்க் குழாயின் மூக்குகள் அங்கங்கே நீட்டிக்கொண்டிருக்கவில்லை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த மூக்குகளுக்குப் பெயர் ஸ்பிரிங்க்ளர், தீயின் சூடு பட்டதும் தானாகத் தண்ணீர் தெளிப்பவை. இருபது வருடத்துக்கு மேலாகத் தீத்தடுப்புப் பொறியாளராக உயரமான கட்டடங்களின் படிக்கட்டுகளிலும் பம்ப் அறைகளிலும் காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் நான்கு கேள்விகளுக்கும் பதில் அந்த ஒரு வரியிலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் அப்பாவின் பயத்தை நான் தள்ளிவிடப் போவதில்லை. ஏணி எட்டாத உயரத்தில் மனிதர்கள் மாட்டிக்கொள்வதைப் பற்றிய பயம் அது, இந்த ஊரின் விதியே அந்தப் பயத்திலிருந்து பிறந்ததுதான்.

1974இல் வந்த விதி, 2014இல் தளர்ந்த விதி

நண்பர் சொன்னது ஒரு காலத்தில் முழு உண்மை. 1974இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் ஒரு விதி கொண்டுவந்தது: 75 அடிக்கு மேல் உயரமாகக் கட்டினால் உச்சியில் அவசர ஹெலிகாப்டர் இறங்குதளம் வைத்தாக வேண்டும். 75 அடி என்பது சும்மா எடுத்த எண் இல்லை. தீயணைப்பு வண்டியின் ஏணி சுமார் 100 அடி நீளும், ஆனால் வண்டியைச் சுவரை ஒட்டி நிறுத்த முடியாது, ஏணியைச் சாய்த்துத்தான் போட வேண்டும், அதனால் ஏழெட்டு மாடிக்கு மேல் வெளியிலிருந்து ஆளை இறக்குவது நம்பத்தக்க காரியமாக இருக்காது. அதற்கு மேலே இருப்பவர்களுக்கு வானத்திலிருந்து ஒரு வழி இருக்கட்டும் என்று நினைத்தார்கள். இந்த ஊரின் பழைய கோபுரங்கள் எல்லாம் கத்தியால் சீவியதுபோல் தட்டையாக முடிவதற்கு அந்த விதிதான் காரணம், 1989இல் கட்டி முடித்த 1,018 அடி உயர யூ.எஸ். பேங்க் டவர் உட்பட. நியூயார்க்கிலோ சிகாகோவிலோ இப்படி ஒரு கட்டாயம் கிடையாது, அங்கே கூரான உச்சிகள் தாராளமாக இருக்கின்றன.

2014இல் நகரமும் தீயணைப்புத் துறையும் இதைத் தளர்த்தின. தீயணைப்பு வீரர்களுக்கான தனி லிஃப்ட், கூடுதல் படிக்கட்டு, கேமரா கண்காணிப்பு போன்ற ஏற்பாடுகளைக் கட்டடத்துக்குள்ளேயே செய்து தீயணைப்புத் துறையின் ஒப்புதலை வாங்கினால், உச்சியில் தளம் இல்லாமல் கட்டலாம் என்றாயிற்று. 2017இல் திறந்த வில்ஷயர் கிராண்ட் இந்த வழியில் கட்டியதுதான். பாய்மரம் போன்ற உச்சியும் அதற்கு மேல் ஒரு கம்பமுமாக அது 1,100 அடிக்கு நிற்பதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருப்பீர்கள்.

ஆகவே உங்கள் இரண்டாவது கட்டடம் சட்டத்துக்குப் புறம்பானது என்று நினைக்க இடமில்லை. 2014க்குப் பிறகு அனுமதி வாங்கிய கட்டடம், உச்சி சாய்வாக இருக்கிறது என்றால் ஈடாக எதையெல்லாம் வைத்தார்கள் என்பதற்குக் காகிதம் இருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், போதும்.

எனக்கு உறுத்துவது முதல் கட்டடத்தின் வட்டம்தான். 1960களில் கட்டியதென்றால் 1974 விதி வருவதற்கு முன்பே எழுந்த கட்டடம், அந்த விதிக்காக அந்த வட்டம் வந்திருக்க முடியாது. பிறகு சேர்த்திருக்கலாம், முறையாக அனுமதி வாங்கியே சேர்த்திருக்கலாம், அல்லது யாரோ பெயின்ட் அடித்ததாகவும் இருக்கலாம். அங்கீகரித்த தளம் என்றால் எவ்வளவு எடை தாங்கும் என்று கணக்குப் போட்டு, ஆயிரம் பவுண்டுக் கணக்கில் ஒரு எண்ணைத் தரையில் எழுதி வைப்பது வழக்கம். இங்கே தீயணைப்புத் துறை ஓட்டும் ஏடபிள்யூ139 ரக ஹெலிகாப்டர் ஆட்களோடும் எரிபொருளோடும் ஆறு டன்னுக்கு மேல் போகக்கூடியது. அறுபது வருடப் பழைய கூரை ஒன்று அந்த எடையைத் தாங்குமா என்பதை வட்டத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. தரகரிடம் கேட்காதீர்கள், அசோசியேஷனிடம் ஒப்புதல் கடிதம் கேளுங்கள்.

ஹெலிகாப்டர் உண்மையில் என்ன செய்யும்

இங்கேதான் அப்பாவிடம் நீங்கள் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். ஹெலிகாப்டர் உயிர் காப்பாற்றியதே இல்லை என்று யாராவது சொன்னால் அது பொய். பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரில் 1972 பிப்ரவரியில் ஆன்ட்ராவுஸ் என்ற உயரமான கட்டடம் எரிந்தபோது உச்சியில் இறங்குதளம் இருந்தது, நூற்றுக்கணக்கானவர்களை அங்கிருந்து எடுத்தார்கள், 16 பேர் இறந்தார்கள். இரண்டு வருடம் கழித்து, 1974 பிப்ரவரி 1ஆம் தேதி, அதே ஊரில் ஜோயல்மா கட்டடத்தில் 12ஆம் மாடியில் ஓர் ஏர்கண்டிஷனரில் தீ பிடித்தது. ஆட்கள் உச்சிக்கு ஓடினார்கள், ஆனால் அங்கே தளம் இல்லை, ஓடு வேய்ந்த கூரை, புகையும் வெக்கையும் சேர்ந்து ஹெலிகாப்டரை நெருங்கவிடவில்லை. ஏறத்தாழ 180 பேர் இறந்தார்கள், மேலே போய்க் காத்திருந்தவர்களும் அவர்களில் உண்டு.

இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, "பார்த்தீர்களா, தளம் இருந்தால் பிழைப்பு" என்று சொல்வார்கள். நான் அதை அப்படி மட்டும் படிக்க மாட்டேன். ஜோயல்மாவில் இருந்தது ஒரே ஒரு படிக்கட்டு. அலாரம் இல்லை, ஸ்பிரிங்க்ளர் இல்லை, இன்னொரு வெளியேறும் வழி இல்லை. அந்தப் படிக்கட்டில் புகை ஏறிய பிறகுதான் மேலே இருந்தவர்களுக்கு வானம் தவிர வேறு திசையே இல்லாமல் போனது. ஹெலிகாப்டரை எதிர்பார்த்து நிற்க வேண்டிய நிலைக்கு அவர்களைக் கொண்டுபோய் விட்டது கட்டடத்தின் உட்புறம்.

லாஸ் ஏஞ்சல்ஸிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 1988 மே 4ஆம் தேதி இரவு, 62 மாடி ஃபர்ஸ்ட் இன்டர்ஸ்டேட் வங்கிக் கட்டடத்தில் 12ஆம் மாடியில் தீ பிடித்து 16ஆம் மாடி வரை ஏறியது. ஹெலிகாப்டர்கள் உச்சியில் இறங்கின, சிலரைக் காப்பாற்றின, தீயணைப்பு வீரர்களையும் மேலே கொண்டுபோய் விட்டன. இதை எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கட்டடத்தில் ஸ்பிரிங்க்ளர் குழாய்களைப் பெருமளவு மாட்டி முடித்திருந்தார்கள், அலாரத்தோடு இணைக்கும் வேலை பாக்கி என்று வால்வுகளை மூடியே வைத்திருந்தார்கள். இறந்தவர் ஒரே ஒருவர், பராமரிப்பு ஊழியர், அலாரம் எதனால் அடிக்கிறது என்று பார்க்க லிஃப்டில் 12ஆம் மாடிக்குப் போனார், கதவு நெருப்புக்கு நேரே திறந்தது. தீ சமயத்தில் லிஃப்டைத் தொடாதே என்று எழுதி ஒட்டியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வரும்.

அந்தத் தீக்குப் பிறகு பழைய உயரமான அலுவலகக் கட்டடங்களில் ஸ்பிரிங்க்ளர் போட வேண்டும் என்று நகரம் விதி கொண்டுவந்தது. பழைய குடியிருப்புக் கட்டடங்களை மட்டும் விட்டுவிட்டது. உங்கள் 19ஆம் மாடி வீட்டின் அழகான வெறும் உட்கூரைக்குக் காரணம் அநேகமாக இதுதான்.

அதே வகைதான் பேரிங்டன் பிளாசா. மேற்கு லாஸ் ஏஞ்சல்ஸில் 1960களின் தொடக்கத்தில் எழுந்த 25 மாடிக் குடியிருப்பு, ஸ்பிரிங்க்ளர் கிடையாது. 2013இல் ஒரு தீ, 2020 ஜனவரியில் இன்னொரு தீ. இரண்டாவதில் 6ஆம் மாடியில் பிடித்த தீயின் புகை மேலே ஏறி, மொட்டை மாடிக்குப் போனவர்களை ஹெலிகாப்டர் கயிற்றில் தூக்கியது, 15 பேர் வரை. அதைப் பார்த்தவர்களுக்கு நம் ஊர் ஹெலிகாப்டர்க்காரர்கள் மேல் மரியாதை கூடியிருக்கும், எனக்கும் கூடியது. ஆனாலும் ஓர் இளைஞர் இறந்துபோனார். கீழே ஒரே ஒரு வீட்டின் தீயை இரண்டு ஸ்பிரிங்க்ளர் தலைகள் அடக்கியிருந்தால் அந்தக் காலையில் யாரும் மொட்டை மாடிக்குப் போகவே வேண்டியிருந்திருக்காது.

அப்புறம் ஒரு சாதாரணக் கணக்கு. உங்கள் பழைய கட்டடத்தில் ஐந்நூறு பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெலிகாப்டர் வான் நைஸ் விமான நிலையத்திலிருந்து கிளம்பி வர வேண்டும். ஒரு நடைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். இறங்கி, ஏற்றி, இன்னொரு இடத்தில் இறக்கி, திரும்பி வர எவ்வளவு நேரமாகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். தளம் அடைபட்டு, கயிற்றில் தூக்குவதென்றால் ஒரு தடவைக்கு ஒருவர் அல்லது இருவர். அதோடு சூடான காற்றில் ஹெலிகாப்டருக்குத் தூக்கும் சக்தி குறையும், புகையில் விமானிக்குக் கண் தெரியாது, இறக்கை கிளப்பும் காற்று மொட்டை மாடியில் நிற்கும் வயதானவரை நிலைகுலைய வைக்கும். நியூயார்க் இரட்டைக் கோபுரத்தில் 1993 குண்டுவெடிப்பின்போது ஹெலிகாப்டர் சிலரை உச்சியிலிருந்து எடுத்தது. 2001 செப்டம்பர் 11 அன்று அந்த நினைப்பில் மேலே ஏறியவர்களுக்கு மொட்டை மாடிக் கதவு பூட்டியிருந்தது, வெளியே வந்த ஹெலிகாப்டர்களாலும் புகையில் இறங்க முடியவில்லை.

ஏறுவதா, இறங்குவதா

இறங்குங்கள். தீயணைப்புத் துறை வேறுவிதமாகச் சொல்லாத வரை, எப்போதும் கீழேதான்.

காரணம் இதுதான். உயரமான கட்டடத்தில் நெருப்பைவிடப் புகைதான் அதிகம் பேரைக் கொல்லும், புகை மேலேதான் போகும். லாஸ் வேகாஸ் எம்ஜிஎம் கிராண்டில் 1980 நவம்பரில் தீ பிடித்தது தரைத்தளத்தில், சூதாட்டக் கூடத்தை ஒட்டிய ஓர் உணவகத்தில். மொத்தம் 85 பேர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் நெருப்பின் பக்கத்திலேயே இல்லை, பல மாடிகளுக்கு மேலே, அறைகளிலும் நடைபாதைகளிலும் படிக்கட்டிலும், புகையால். லிஃப்ட் குழியும் படிக்கட்டும் கட்டட இணைப்பு இடைவெளிகளும் புகைபோக்கியாக வேலை செய்தன. படிக்கட்டுக்குள் போன பலருக்கு உள்பக்கமிருந்து மறுபடி மாடிக்குள் நுழையக் கதவு திறக்கவில்லை. அன்று ஹெலிகாப்டர்கள் நூற்றுக்கணக்கானவர்களை உச்சியிலிருந்து எடுத்தன, அதுவும் உண்மை.

அலாரம் அடித்ததும் எல்லோரும் மேலே ஓடி மொட்டை மாடிக் கதவைத் திறந்துவைத்தால் என்ன ஆகும் தெரியுமா? படிக்கட்டு நல்ல உயரமான அடுப்புக்குழாய் ஆகிவிடும். கீழே எங்கே கதவு திறந்தாலும் புகை அந்தக் குழாய் வழியாக மேலே இழுத்துக்கொண்டு போகும், நீங்கள் அதன் வாயில் நின்றுகொண்டிருப்பீர்கள்.

அம்மாவைப் பற்றி. 31 மாடி இறங்க அவரால் முடியாது, 19 மாடியும் முடியாது, ஆகவே இந்த விஷயத்தில் இரண்டு வீட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வருவது அவர் இருக்கும் இடத்திலேயே கொஞ்ச நேரம் பத்திரமாக இருக்க முடியுமா என்பதில். தீ வேறு மாடியில், உங்கள் நடைபாதையில் புகை வந்துவிட்டது என்றால் வீட்டுக்குள்ளேயே இருந்து கதவைச் சாத்தி, அடியில் ஈரத்துண்டைத் திணித்து, 911ஐ அழைத்து மாடி எண், வீட்டு எண், நடக்க முடியாதவர் ஒருவர் இருக்கிறார் என்று மூன்றையும் சொல்ல வேண்டும். ஸ்பிரிங்க்ளரும் தானாகச் சாத்திக்கொள்ளும் கதவும் இருக்கும் கட்டடத்தில் இப்படிக் காத்திருப்பது நியாயமான வழி. இரண்டும் இல்லாத இடத்தில் அதே காத்திருப்பு எவ்வளவு நேரம் தாங்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. 2022 ஜனவரியில் நியூயார்க் பிராங்க்ஸில் 19 மாடிக் குடியிருப்பு ஒன்றில் ஒரு வீட்டு ஹீட்டரில் தொடங்கிய தீயில் 17 பேர் இறந்தார்கள். நெருப்பு பெரும்பாலும் அந்த வீட்டோடு நின்றது. வீட்டுக் கதவும் படிக்கட்டுக் கதவும் சாத்திக்கொள்ளாமல் நின்றதால் புகை மட்டும் கட்டடம் முழுக்கப் போனது.

கையெழுத்துப் போடும் முன்

இரண்டு கட்டடங்களுக்கும் ஒரு மாலை நேரம் போங்கள். வீட்டைப் பார்க்க அல்ல, படிக்கட்டைப் பார்க்க. இதற்குப் பொறியாளர் தேவையில்லை.

படிக்கட்டுக் கதவைப் பாதி திறந்து கையை விடுங்கள். தானாகப் போய்ச் சாத்தி, தாழ்ப்பாள் 'டக்' என்று விழ வேண்டும். சத்தம் வரவில்லை என்றால் அந்தக் கதவு தீக்கு முன் ஒரு திரைச்சீலைதான். ஒருமுறை ஒரு கட்டடத்தில் 14ஆம் மாடிக் கதவுக்கு அடியில் மடித்த அட்டைப்பெட்டியைச் செருகி வைத்திருந்தார்கள், சாமான் ஏற்ற வசதியாக இருக்கட்டும் என்று. அட்டை தரையோடு ஒட்டிப் பழுப்பேறிப் போயிருந்தது, எத்தனை மாதம் அப்படியே இருந்ததோ. அதை நானே பிடுங்கி எடுத்துவிட்டுத்தான் அறிக்கை எழுத உட்கார்ந்தேன்.

படிக்கட்டின் ஒவ்வொரு தளத்திலும் சுவரில் ஒரு பலகை இருக்கும். எந்தப் படிக்கட்டு, எத்தனையாவது மாடி, மேலே எங்கே முடிகிறது, 'ரூஃப் ஆக்சஸ்' உண்டா, இல்லை 'நோ ரூஃப் ஆக்சஸ்' என்று எழுதியிருக்கும். இரண்டு படிக்கட்டில் ஒன்று மட்டும் மொட்டை மாடிக்குப் போவது சகஜம். அப்பாவுக்கு இந்தப் பலகையைக் கட்டாயம் காட்டுங்கள். அதில் மொட்டை மாடி வழி என்று இருப்பது முதலில் தீயணைப்பு வீரர்களுக்கான தகவல்.

புதிய கட்டடத்தில் படிக்கட்டுக்குக் காற்றழுத்த விசிறி உண்டா என்று கேளுங்கள். தீ சமயத்தில் அது படிக்கட்டுக்குள் காற்றைத் தள்ளி, புகை உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளும். படிக்கட்டிலிருந்து மறுபடி மாடிக்குள் நுழைய முடியாதபடி கதவைப் பூட்டும் வழக்கம் இருந்தால் அவசரத்தில் எல்லாக் கதவையும் ஒரே பொத்தானில் திறக்க முடியுமா, ஐந்து மாடிக்கு ஒரு தொலைபேசி படிக்கட்டுக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

காகிதங்களில் முதலாவது 'ரெகுலேஷன் 4' சோதனை அறிக்கை. இந்த ஊரில் உயரமான கட்டடங்களின் அலாரம், பம்ப், விசிறி எல்லாவற்றையும் உரிமம் பெற்றவர் சோதித்துத் தீயணைப்புத் துறைக்குக் காட்ட வேண்டும். கடைசி அறிக்கையின் தேதியையும் அதில் குறை எழுதியிருந்தால் அது சரிசெய்யப்பட்டதா என்பதையும் பாருங்கள். அடுத்தது அசோசியேஷனின் கூட்டக் குறிப்புகள், கையிருப்பு நிதிக் கணக்கு. கலிஃபோர்னியா சிவில் சட்டம் 4525ஆம் பிரிவின்படி விற்பவர் உங்களுக்குத் தந்தாக வேண்டிய ஆவணங்களின் பட்டியலே இருக்கிறது. வாங்கிய பிறகு நீங்களும் உறுப்பினர் ஆகிவிடுவீர்கள், அப்போது 5200ஆம் பிரிவு முதல் வரும் விதிகளின்படி அசோசியேஷனின் பதிவேடுகளைப் பார்க்கக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நான் வழக்கறிஞன் இல்லை, ஒப்பந்தத்தின் வரிகளைச் சொத்து வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள், அந்தச் செலவுக்குத் தயங்க வேண்டாம்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய வீடு விலை மலிவு என்று எழுதியிருக்கிறீர்கள். ஹோனலூலுவில் மார்கோ போலோ என்ற 36 மாடிக் குடியிருப்பில் 2017 ஜூலையில் தீ பிடித்து நான்கு பேர் இறந்தார்கள், அங்கேயும் ஸ்பிரிங்க்ளர் இல்லை. அடுத்த வருடமே அந்த நகரம் பழைய கோபுரங்கள் ஸ்பிரிங்க்ளர் போட வேண்டும், அல்லது பாதுகாப்பு ஆய்வில் தேற வேண்டும் என்று சட்டம் போட்டது, செலவு வீட்டுக்காரர்கள் தலையில். பேரிங்டன் பிளாசாவில் 2023இல் ஸ்பிரிங்க்ளர் போடுவதற்காக என்று சொல்லிக் குடியிருப்பவர்களையே காலி செய்யச் சொன்னார்கள். இங்கேயும் ஒருநாள் கான்டோ கட்டடங்களுக்கு, அதாவது வீடுகளைத் தனித்தனியாக விற்ற கட்டடங்களுக்கு, அப்படி உத்தரவு வந்தால், சிறப்பு வசூல் என்று ஒரு பெரிய தொகை உங்களிடம் வரும். மலிவு விலையில் அதையும் கழித்துப் பாருங்கள்.

மொட்டை மாடித் தோட்டம்

அந்தத் தளம் தீயணைப்புத் துறை ஒப்புதல் கொடுத்த அவசர இறங்குதளம் என்றால், பூந்தொட்டி, பந்தல், சோலார் பலகை எதையும் அதன்மேல் வைப்பது அசோசியேஷன் ஓட்டெடுப்பில் முடிகிற விஷயம் இல்லை, துறையின் அனுமதி வேண்டும். லேசான நாற்காலி, குடை இவற்றையெல்லாம் இறக்கைக் காற்று தூக்கித் தெருவில் எறியும். ஒப்புதல் இல்லாத வெறும் வட்டம் என்றால் கதை வேறு. தோட்டம் போடட்டும், ஆனால் மொட்டை மாடிக்குக் கூட்டம் ஏறினால் அத்தனை பேர் இறங்கப் போதுமான படிக்கட்டு உண்டா என்ற கேள்விக்குக் கட்டடத் துறையிடம் அனுமதி வாங்கியாக வேண்டும். இரண்டில் எது என்பது மறுபடியும் அந்த ஒப்புதல் கடிதத்தில்தான் இருக்கிறது. எப்படி இருந்தாலும் கூட்டத்தில் எழுந்து உங்கள் அசோசியேஷனிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "தோட்டத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஸ்பிரிங்க்ளருக்கு எவ்வளவு?" என்பதுதான்.

என் வீடு என்றால் எதை எடுப்பேன் என்று கேட்டால், நீங்கள் சொன்ன தகவல்களை மட்டும் வைத்து, 31ஆம் மாடிதான். படிக்கட்டும் காகிதமும் நான் சொன்னபடி இருக்கிறதா என்று பார்த்த பிறகு. பழைய கட்டடம் ஸ்பிரிங்க்ளர் போடத் தேதியும் நிதியும் முடிவு செய்துவிட்டது என்று தெரிந்தால் அதையும் யோசிக்கலாம். வெறும் வட்டத்துக்காக வேண்டாம். எங்கே போனாலும் குடிபோன முதல் வாரமே கீழே வரவேற்பு மேசையில், நடக்க உதவி தேவைப்படுபவர் பட்டியலில் அம்மாவின் பெயரை எழுதச் சொல்லுங்கள். படிக்கட்டில் இறக்கும் சக்கர நாற்காலி ஒன்று கட்டடத்தில் இருக்கிறதா, இல்லை நாமே வாங்க வேண்டுமா என்று கேளுங்கள். அதை இயக்க இரண்டு பேர் பழக வேண்டும், நீங்களும் கணவரும்.

அப்பா இந்த முறை வந்ததும், அவருடைய மூச்சும் முட்டியும் இடம் கொடுத்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரையும் மகளையும் கூட்டிக்கொண்டு நீங்கள் வாங்கப்போகும் மாடியிலிருந்து தரை வரை படியில் இறங்கிப் பாருங்கள். மெதுவாக, நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து. எத்தனை நிமிடம் ஆனது, எந்த மாடிக் கதவு சரியாகச் சாத்தவில்லை, கடைசியில் எந்தத் தெருவில் போய் வெளியே வந்தீர்கள் என்று மகளை ஒரு தாளில் குறிக்கச் சொல்லுங்கள். அந்தத் தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், அம்மாவுக்கான ஏற்பாட்டை அதை வைத்து இன்னும் சரியாகச் சொல்ல முடியும்.